கிராமக் குளங்களும் கட்லா மீனும்

அவிநாசி வட்டாரத்துக் குளம் குட்டைகள் பல ஆண்டுகள் நீரின்றி வறண்டு, சீமைக் கருவேல் மண்டிக் கிடந்ததை நம் மக்கள் நன்கு அறிவர். மழை குறைந்த இப்பிரதேசத்தின் நெடுநாள் கோரிக்கையாகிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ்ப்புறத்திலிருந்து பவானி ஆற்றின் உபரி நீர் இயந்திரங்களால் ஏற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே அனுப்பப்படுகிறது. ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. நீர் இதற்கென வகுக்கப்பட்டுள்ளது. நிலத்தடி நீர் ஊறிக் கிணறுகள் உயிர் பெறுவதே இத்திட்டத்தின் தலையாய நோக்கம்.

குளத்தில் நீர் நின்றால், அதில் மீன் வளர்க்கலாமே என்ற எண்ணம் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குத் தோன்றுவது இயல்பு. மீன் நீரைக் குடித்துத் தீர்த்துவிடுவதில்லை. நிலத்தடிக்குச் செல்லும் நீரையும் அது தடுப்பதில்லை. ஆகவே எண்ணம் நல்லதே. ஆனால் கைக்குக் கிடைத்த குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டி, அடுத்த கோடை தொடங்குமுன் வலை வீசி, உள்ளங்கையளவு மீன்களைக் கூறு கட்டி விற்றுவிடுவது பல ஊர்களில் காணும் வழக்கம். பெரிதாக வளரும் மீனை அந்த வயதில் பிடிப்பது, தென்னம்பிள்ளையை விறகுக்கு வெட்டுவதற்கு ஒப்பாகும். அத்தகைய மீன்களில் முதன்மையானதாகிய கட்லாவின் இயல்பையும், அதனை வளர்த்துப் பயன் பெறும் முறையையும் இங்கு விளக்குவோம்.

மீனின் அடையாளம்

கட்லா, கெண்டை இனத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் சில இடங்களில் இதனைத் தோப்பா மீன் என்றும் அழைப்பர். உடலின் அளவுக்கு மிஞ்சிய பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் அகன்ற வாய், தடித்த கீழ் உதடு, பருத்த முதுகு ஆகியவை இதன் அடையாளங்கள். மீசை கிடையாது. சந்தையில் ரோகு, மிர்கால் ஆகியவற்றோடு கலந்து கிடந்தாலும், தலையைப் பார்த்த மாத்திரத்தில் கட்லாவைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இம்மீன் நீரின் மேல்மட்டத்திலேயே இரை தேடுகிறது. நல்ல குளத்து நீரில் கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் மிதந்து திரிகின்றன. அவற்றுள் பாசியினத்தைச் சேர்ந்தவையும் உண்டு. பூச்சிபோல் நீந்தும் மிக நுண்ணிய பிராணிகளும் உண்டு. கட்லா வாய் வழியே நீரை உள்ளிழுத்து, செவுள் வழியே வெளியேற்றுகிறது. செவுளில் அடர்ந்துள்ள மெல்லிய முட்கள் சல்லடை போல் நின்று அந்நுண்ணுயிர்களை வடிகட்டித் தருகின்றன. மிதக்கும் நுண்பிராணிகளே இதற்கு உகந்த உணவு. பிற மீன்களை இது வேட்டையாடுவதில்லை. சாணம் இட்ட குளத்தில் நுண்ணுயிர் பெருகுகிறது. நுண்ணுயிரைத் தின்று கட்லா வளர்கிறது. மாட்டுத் தொழுவத்து எரு மனிதருக்கு உணவாகும் மிகக் குறுகிய வழிகளுள் இது ஒன்று எனலாம்.

வெளியூரிலிருந்து வந்த மீன்

கட்லா நம் பகுதியில் தோன்றிய மீன் அன்று. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய வடநாட்டு ஆறுகளும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளுமே இதன் தாயகம். காவிரியில் பண்டு இம்மீன் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாண மீன்துறையினர் கோதாவரிப் பகுதியிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து காவிரி நீர்நிலைகளில் விட்டனர். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், அதன் பரந்த நீர்ப்பரப்பில் கட்லா நன்கு வேரூன்றியது. அணைக்கு மேலே நெடுந்தூரம் ஓடிவரும் காவிரியின் வெள்ளத்தில் அது இனப்பெருக்கமும் செய்தது.

நம் ஊர்க் குளங்களில் அவ்விதம் நடைபெறுவதில்லை. இந்த வேற்றுமையை அறியாதோர், ஒருமுறை மீன் விட்டால் போதும், அது தானே பெருகிக்கொள்ளும் என்று நம்பி ஏமாறுகின்றனர். ஆகையால் இதன் பிறப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம்.

வெள்ளத்தில் பிறப்பு

கட்லா இரண்டாம் ஆண்டில் பருவம் அடைகிறது. பருவம் அடைந்த மீன், தென்மேற்குப் பருவ மழையால் ஆறு பெருகி, புது வெள்ளம் கரையோரத் தாழ்நிலங்களில் பரவும்போது முட்டையிடுகிறது. தேங்கிய குளத்து நீரில் சினை முற்றினாலும், ஓடும் வெள்ளத்தின் தூண்டுதல் இல்லாமையால் முட்டை வெளிப்படுவதில்லை. ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. நம் நாட்டு வெப்பநிலையில் ஏறத்தாழ 18 மணி நேரத்திற்குள் குஞ்சு பொரிந்துவிடுகிறது. ஆயினும் குஞ்சுகளில் மிகப்பெரும் பகுதி முதல் சில வாரங்களிலேயே பூச்சிகளுக்கும் பிற மீன்களுக்கும் இரையாகிவிடும்.

முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டியே மீன்குஞ்சு சேகரித்தனர். அதில் கட்லாவுடன் வேண்டாத மீன்களும் கலந்து வந்தன. வெள்ளம் பொய்த்த ஆண்டில் குஞ்சும் பொய்த்தது. இந்நிலையை மாற்றியவர் டாக்டர் ஹிராலால் சௌதுரி. ஒரிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, அடைபட்ட நீரில் கெண்டை இன மீனை முட்டையிடச் செய்வதில் அவரும் அவரது சகாக்களும் வெற்றி கண்டனர். பின்னர் இம்முறை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் அனைத்துக்கும் பயன்பட்டது. அந்நாளின் நினைவாகவே ஜூலை 10-ஆம் தேதி தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இன்று சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாக ஆயத்த ஹார்மோன் மருந்துகள் கிடைக்கின்றன. தரமான குஞ்சுகளைப் பண்ணைகளில் வாங்க முடிகிறது.

ஆகவே, குளத்தில் கட்லா வளர்ப்பது நெல் நாற்று விட்டு நடுவதைப் போன்றது. ஒவ்வொரு போகத்துக்கும் விதை வெளியிலிருந்து வர வேண்டும். தானே முளைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வளர்ச்சியின் கணக்கு

கட்லா நம் நாட்டுப் பெருங்கெண்டைகளில் மிக விரைவாக வளர்வது. இரை செழித்த நீரில் முதல் ஆண்டிலேயே ஒரு கிலோவை எட்டும். பெரிய ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து, ஓர் ஆள் உயரத்தையும் 35 கிலோவுக்கு மேற்பட்ட எடையையும் அடைந்த கட்லாக்கள் பதிவாகியுள்ளன. மீன் வயதுக்கு வந்தபின்னும் வளர்ச்சி நிற்பதில்லை. வேகம் மட்டுமே குறைகிறது. மரத்தின் குறுக்கு வெட்டில் ஆண்டு வளையங்கள் தெரிவது போல, மீனின் செதிலிலும் வளையங்கள் விழுகின்றன. அவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் எண்ணி, வயதையும் வளர்ந்த விதத்தையும் ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர்.

இங்கு விவசாயிகள் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலத்திலும் பருமனிலும் கூடவே வளர்கிறது. ஆகையால் நீளம் இரு மடங்கானால் எடை இரண்டும் இரண்டும் இரண்டும் பெருகி எட்டு மடங்காகிறது. ஒரு சாண் நீளமுள்ள கட்லா ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். இரு சாண் வளர்ந்தால் அது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. மூன்று சாண் வளர்ந்தால் ஐந்து கிலோவை எட்டும். சாண் மீனைப் பிடிப்பவர், தமக்கு வர வேண்டிய எட்டுப் பங்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழு பங்கை இழக்கிறார்.

ஓர் ஏக்கர் குளத்தை உதாரணமாகக் கொள்வோம். அதில் விட்ட குஞ்சுகளில் 700 பிழைத்துச் சாண் அளவை அடைந்தனவென்று வைத்துக்கொள்வோம். அப்போதே பிடித்தால் கிடைப்பது 140 கிலோ. எருவும் நீரும் குறையாமல் மேலும் சில மாதங்கள் காத்திருந்து, அதற்குள் 100 மீன் தவறிப்போனாலும், மிச்சமுள்ள 600 மீன்கள் ஒன்றரைக் கிலோ வீதம் 900 கிலோ ஆகும். சிறு மீனைவிடப் பெரிய மீனுக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் சந்தையில் பொதுவாக அதிகம். குஞ்சின் விலையும் விட்ட கூலியும் இரண்டுக்கும் ஒன்றே.

நெடுநாள் வாழும் பெரிய மீன்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம், வளருமுன் பிடிபடுவதே. அமராவதி நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் பாம்பாற்றிலிருந்து 2007-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் விவரித்த மகசீர் இனம், காவிரியின் புகழ் பெற்ற திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என 2018-இல் அறியப்பட்டது. 50 கிலோவுக்கும் மேல் வளர்ந்த பெருமை உடைய அம்மீன், இன்று அடியோடு அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கட்லாவுக்குப் பண்ணைகள் இருப்பதால் அத்தகைய ஆபத்தில்லை. ஆனால் அவசரத்தால் நேரும் நஷ்டம் குளத்துக்குக் குளம் நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆழியாறு தந்த படிப்பினை

காத்திருப்பதால் கிடைக்கும் பயனுக்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சியை அடுத்துள்ள ஆழியாறு நீர்த்தேக்கம், பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் ஓர் அங்கம். அதன் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 650 ஹெக்டேர். 1964-65-ஆம் ஆண்டில் அங்கு கிடைத்த மீன் ஹெக்டேருக்கு 1.67 கிலோ மட்டுமே. பின்னர் பல இனக் குஞ்சுகளை ஏராளமாக விட்டும் தக்க பலன் கிட்டவில்லை.

மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் அங்கு மேற்கொண்ட சீர்திருத்தங்கள் மிக எளியவை. மெதுவாக வளரும் இனங்களைத் தவிர்த்து, கட்லா முதலிய பெருங்கெண்டைகளை மட்டும் விட்டனர். விடும் குஞ்சு 10 சென்டிமீட்டருக்கு, அதாவது நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டனர். எண்ணிக்கையை ஹெக்டேருக்குச் சுமார் 300 என்ற அளவுக்குக் குறைத்தனர். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல் பல தவணைகளாக விட்டனர். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிப்பதற்குத் தடை விதித்தனர். இவற்றின் பயனாக மகசூல் ஹெக்டேருக்கு 194 கிலோவாக உயர்ந்தது. நமது உடுமலை வட்டாரத்திலுள்ள திருமூர்த்தி நீர்த்தேக்கத்திலும் இதே வழியைப் பின்பற்றி ஹெக்டேருக்கு 182 கிலோ எட்டப்பட்டது.

இதில் விலையுயர்ந்த இயந்திரமோ மருந்தோ ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறைவாக விட்டனர், பெரிய குஞ்சாக விட்டனர், வளரும் வரை கை வைக்காமல் இருந்தனர். கிராமக் குளத்துக்கும் இம்மூன்றுமே அடிப்படை.

குளத்தின் தகுதி

எல்லாக் குளமும் கட்லாவுக்கு ஏற்றதன்று. ஆண்டில் ஒன்பது, பத்து மாதங்களேனும் நீர் நிற்க வேண்டும். கோடையிலும் ஓர் ஆள் இடுப்பளவுக்குக் குறையாத ஆழம் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் நீரைச் சேமிக்கத் தோட்டங்களில் வெட்டியுள்ள பண்ணைக் குட்டைகளில், கிணற்று நீர் விட்டு மட்டத்தைக் காக்க முடியுமாயின் அவையும் ஏற்றவையே.

நான்கைந்து மாதங்களே நீர் நிற்கும் குட்டைகளையும் வீணாக்க வேண்டியதில்லை. ஒரு பஞ்சாயத்தில் இரண்டு மூன்று நீர்நிலைகள் இருந்தால், சிறு குட்டையைக் குஞ்சு வளர்க்கும் நாற்றங்காலாகக் கொள்ளலாம். பண்ணையிலிருந்து வாங்கிய ஓர் அங்குலச் சிறு குஞ்சுகளை அதில் விட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட பின் பெரிய குளத்துக்கு மாற்றலாம். மிகுந்தவற்றை அண்டை ஊர்களுக்கு விற்கவும் செய்யலாம். ஆந்திர மாநிலத்தில் கொல்லேறு வட்டாரத்து மீன் விவசாயிகள், குஞ்சுகளை நெருக்கமாக அடைத்து வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி ஏறத்தாழ ஓராண்டு வைத்திருந்து, பிறகு விசாலமான குளத்தில் விடுகின்றனர். இடமும் இரையும் கிடைத்ததும் அவை வெகு விரைவாக வளர்ந்துவிடுகின்றன. வயல் நாற்றைப் போலவே, மீனுக்கும் நாற்றங்கால் நன்றாக அமைந்தால் பாதி மகசூல் கைக்கு வந்ததாகக் கொள்ளலாம்.

குளத்தைப் பக்குவம் செய்தல்

குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி, வாளை முதலிய கொன்றுண்ணி மீன்களை நீக்க வேண்டும். கோடையில் முற்றும் வற்றி, அடிமண் வெடிக்கும்படி காய்ந்த குளமாயின் தனி வேலை ஒன்றும் இல்லை. வற்றாத சிறு குளமாயின், ஏக்கருக்கு ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 1,000 கிலோ வீதம் இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிக்கலாம். அது முதலில் மீன்களுக்கு நஞ்சாகவும், பின்னர் மட்கி உரமாகவும் உதவும். நஞ்சு தணிய மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை கால்நடைகளை அங்கே நீர் குடிக்க விடலாகாது. பூச்சிமருந்தைக் குளத்தில் ஊற்றி மீன் கொல்லும் கொடிய பழக்கம் எங்கும் கூடாது.

நம் பகுதி மண் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆகையால் நீரையும் மண்ணையும் சோதித்த பின்னரே சுண்ணாம்பு இட வேண்டும். தேவைப்படும் இடத்தில் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ போதும். மாட்டுச் சாணம் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 4 டன் என்று கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குஞ்சு விடுவதற்கு இரு வாரம் முன்பும், மிச்சத்தை மாதத் தவணைகளாகவும் இடலாம். பல்லடம் பகுதியில் எளிதில் கிடைக்கும் கோழி எரு, சாணத்தைவிடக் காரசாரமானது. அதனை மிகக் குறைந்த அளவிலேயே இட வேண்டும்.

நீரில் இரை போதுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குளத்தில் இறங்கி முழங்கை வரை கையை நீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். உள்ளங்கை மங்கலாக மறைந்து, நீர் இளம் பச்சையாகவோ பழுப்புப் பச்சையாகவோ இருந்தால் இரை போதும், எருவை நிறுத்திவிடலாம். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் எரு இன்னும் வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். உடனே எருவையும் தீனியையும் நிறுத்தி, புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

எருவிட்டுத் தீனியும் கொடுத்து வளர்க்கும் குளத்தில் ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் விடலாம். அதில் பத்துக்கு நான்கு கட்லாவும், மூன்று ரோகுவும், மூன்று மிர்காலும் இருப்பது நன்று. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. சோளமும் துவரையும் கலந்து விதைக்கும் விவசாயிக்கு இந்த நியாயம் புதிதன்று. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவில் கலந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும். தீனி கொடுக்க இயலாத பெரிய ஊர்க்குளங்களில் இவ்வளவு குஞ்சுகள் விடலாகாது. அங்கே ஆழியாற்று முறையே சிறந்தது. நேரில் கண்ட மீன்வளத் துறை அலுவலரின் யோசனைப்படி எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும்.

கூட்டுச் சேராத மீன்கள்

குஞ்சு வாங்கும்போது இனம் பார்த்து வாங்குவது முக்கியம். 1952-ஆம் ஆண்டு நம் நாட்டுக்குள் வந்த ஜிலேபி மீன், குளத்திலேயே ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரித்து, நீர் முழுவதும் சிறு மீனாய் நிறைந்து, பிற மீன்களின் இரையைப் பறித்துக்கொள்ளும். அமராவதி நீர்த்தேக்கத்தில் நெடுங்காலம் கிடைத்த மீன்களில் பெரும்பகுதி அதுவாகவே இருந்தது.

வெள்ளிக் கெண்டையும் கட்லாவைப் போல மேல்மட்டத்து நுண்ணுயிர்களை உண்பது. இமாசலப் பிரதேசத்திலுள்ள கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில், 1971-இல் ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளத்தோடு வெள்ளிக் கெண்டைகள் தப்பி நுழைந்தன. சில ஆண்டுகளில் அவை பெருகி ஓங்க, அங்கிருந்த கட்லா அருகிப்போயிற்று. ஆகவே கட்லாவை முதன்மையாகக் கொள்ளும் குளத்தில் வெள்ளிக் கெண்டையைத் தவிர்ப்பது நன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அரசாங்கத்தால் தடை செய்யப்பட்டது. எந்த நீரிலும் பிழைத்து, அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் அம்மீனை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

நீரின் தூய்மை

திருப்பூர் வட்டாரத்தில் மீன் வளர்க்க எண்ணுவோர் எல்லாவற்றுக்கும் முன்னர்ச் சிந்திக்க வேண்டியது இதுவே. பின்னலாடைத் தொழில் இப்பகுதிக்கு வாழ்வளித்தது. அதே சமயம் சாய, சலவை ஆலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, அக்கழிவு தேங்கும் இடமாக மாறி, கீழ்நிலத்து விவசாயிகளுக்குப் பெருந்துன்பம் விளைத்தது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையின் கீழேயே ஆலைகள் இயங்க அனுமதி பெற்றன.

எனினும் பழைய கழிவின் உப்பு பல இடங்களில் மண்ணிலும் கிணற்றிலும் நிலைத்துள்ளது. வீட்டுச் சாக்கடை கலக்கும் குளங்களும் பல உள்ளன. கட்லாவின் நீண்ட ஆயுளே இங்கு ஆபத்தாகிறது. சில உலோகங்கள் உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறுவதில்லை. மாசுபட்ட நீரில் நெடுநாள் வாழும் மீன், அந்த மாசை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தன் உடலில் சேமித்து வைக்கும். அம்மீன் பார்வைக்குக் கொழுத்தும் பளபளத்தும் இருக்கலாம். அதனை உண்ணும் குழந்தைக்கு அது நல்லுணவாகாது.

ஆகையால் நொய்யல் கரையோரக் குளங்களிலும், கழிவோடைகள் வந்து சேரும் குளங்களிலும், நீரையும் அடிச்சேற்றையும் அரசாங்கச் சோதனைச்சாலையில் பரிசோதித்து, உலோகங்கள் உட்பட யாவும் தக்க அளவில் உள்ளன என்று எழுத்து மூலம் அறிந்தபின்னரே குஞ்சு விட வேண்டும். சோதனையில் தேறாத குளத்துக்கு வருமானம் இல்லையே என்று அங்கலாய்ப்பதைவிட, கழிவு வரும் வழியை அடைப்பதில் பஞ்சாயத்து முனைவதே சிறப்பு. ஊத்துக்குளி வழியிலுள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அத்தகைய நீர்நிலைகளின் மீன் பறவைகளுக்கு உரியது.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து வசமுள்ள நீர்நிலைகள் மீன் பாசி ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுவது வழக்கம். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி மறு ஆண்டு ஜூன் முடியக் கணக்கிடப்படுகிறது. ஏலம் முடிந்து, மழை பெய்து, குளம் நிறைந்து, குஞ்சு விடுவதற்குள் சில மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஒரே பசலிக்குக் குத்தகை எடுத்தவர், காலம் முடியுமுன் போட்ட பணத்தை எடுக்கும் பொருட்டு, அகப்பட்டதையெல்லாம் பொடி வலையால் அரித்துவிடுகிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. மீன் வளரும் காலத்தைவிடக் குத்தகைக் காலம் குறுகியதாயிருப்பதே குறை.

இதற்குப் பரிகாரம் கிராம சபையின் கையில் உள்ளது. விதிகள் இடங்கொடுக்கும் அளவுக்குக் குத்தகையை மூன்று ஆண்டுகளுக்கு விடலாம். குறைந்தது நான்கு அங்குலக் குஞ்சையே விட வேண்டும், ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லாவைப் பிடித்தால் உயிரோடு நீரில் விட்டுவிட வேண்டும், சிறு கண்ணி வலை கூடாது என்ற நிபந்தனைகளை ஏல அறிவிப்பிலேயே சேர்க்கலாம். கால்நடைகள் நீர் குடிக்கவும், குளத்து நீர் மண்ணில் ஊறவும் தடை நேரலாகாது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். விட்ட குஞ்சின் இனம், எண்ணிக்கை, தேதி, பிடித்த மீனின் எடை ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு வைத்தால், அடுத்த ஏலத்தில் குளத்தின் உண்மையான மதிப்பு யாவருக்கும் தெரியும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாருக்கோ, மகளிர் சுய உதவிக் குழுவினருக்கோ முன்னுரிமை கொடுத்தால் வருமானம் ஊருக்குள்ளேயே சுழலும்.

பல கோடி ரூபாய்ச் செலவில், ஆறு இல்லாத ஊர்களுக்கு ஆற்று நீர் வந்திருக்கிறது. அந்நீரில் வளரும் மீன், நம் குழந்தைகளுக்குப் புரதச் சத்தையும் பஞ்சாயத்துக்கு வருமானத்தையும் ஒருங்கே தரவல்லது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் முன்னோர் வாக்கு. குளத்தில் கை நீட்டுமுன் மீனின் நீளத்தைப் பாருங்கள். ஒரு சாண் மீனாயின் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுங்கள். இரு சாண் வளர்ந்து அது உங்கள் கைக்கே திரும்பி வரும்.